பக்கக் கதவின் தாழ்ப்பாள்

பிரசங்கம் நீண்டுபோனால் நைசாக நழுவுவது மனித சுபாவம். நானே நழுவியிருக்கிறேன். எங்கள் போதகர் ஒரு வசனத்தைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். பாதியிலேயே பின்வரிசைகள் காலியாகிவிடும். பக்கக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போடும் வழக்கம் அப்படித்தான் வந்தது. உள்தாழ்ப்பாள் என்றால் நழுவுகிறவர்களே திறந்துகொள்வார்களே. பிரசங்கம் தொடங்கியதும் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், வெளியே போய்த் தாழிட்டுவிட்டு, முன்வாசல் வழியாகச் சுற்றி வந்து அந்தக் கதவோரமே உட்கார்ந்துகொள்வார்.

நான் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆபத்து என்று வந்தால் ஆலயம் எவ்வளவு தயாராக இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி சபைக் கமிட்டிதான் என்னைக் கேட்டது. மூலைமுடுக்கெல்லாம் பார்த்தேன். தீயணைப்பு உருளையை மறைத்துப் பூச்சாடி வைத்திருந்தார்கள். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. முன்வாசலை ஒட்டிய மாடிப்படிக்கு அடியில் பழைய திரைச்சீலைகளும் உடைந்த நாற்காலிகளும் குவிந்து கிடந்தன. அங்கே தீப்பிடித்தால் முன்வாசல் போயிற்று. மிஞ்சுவது பக்கக் கதவு ஒன்றுதான். அதையும் வெளியே தாழிட்டுவிட்டு உள்ளே ஜெபம் பண்ணுகிறோம் என்று கமிட்டியில் சொன்னேன்.

செயலாளர் சிரித்தார். "புகை மாமா, கதவைத் திறந்து வச்சா பிரசங்கம் கேக்க யார் இருப்பா?" என்றார். போதகரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு அதுவே பெயர். பாடகர் குழுவின் வாண்டுகள்கூட என்னைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமின. எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் செய்ததற்கு அது காரணமில்லை. கோபத்தில் எதையும் செய்கிற ஆள் நானில்லை.

வாயால் சொல்லிப் புரியாதவர்களுக்குச் செய்துதான் காட்ட வேண்டும். ஓர் ஒத்திகை, மாடிப்படிக்கு அடியில் கொஞ்சம் புகை, அவ்வளவே என் எண்ணம். முன்கூட்டிச் சொன்னால் கைப்பையைத் தேடி எடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு ஊர்வலம்போல் போவார்கள். அதில் என்ன தெரியப்போகிறது? தங்கையை மட்டும் முந்தின நாள் போனில் கூப்பிட்டு, நாளைக்கு வீட்டிலேயே இரு என்றேன். அவளுக்கு மூட்டுவலி உண்டு. அதில் வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

மறுநாள் பிரசங்கம் தொடங்கியதும் பக்கக் கதவை வெளியிலிருந்து பார்த்தேன். தாழ்ப்பாள் போடவில்லை, கதவு சும்மா சாத்தியிருந்தது. மாப்பிள்ளை என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்திருக்கிறார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். அவர் ஒருவர் ஒரு நாள் கேட்டதால் எல்லாரும் சுலபமாக வெளியே வந்துவிட்டால், கமிட்டிக்கு என்ன உறைக்கும்? புகை மாமா பூச்சாண்டி காட்டினார் என்று இன்னொரு முறை சிரிப்பார்கள். மதிப்பீட்டை வழக்கமான நிலையில்தான் செய்ய வேண்டும். வழக்கமாகத் தாழ்ப்பாள் போட்டிருக்கும். ஆகவே நான் போட்டேன்.

பிறகு முன்பக்கம் போய் மற்றதைச் செய்தேன். திரைச்சீலைகள் நான் நினைத்ததைவிடக் காய்ந்திருந்தன. நெருப்பு வாசலை அடைத்துக்கொண்டது. பக்கக் கதவுக்குத் திரும்பி வந்தபோது உள்ளேயிருந்து இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தெறந்துதான் இருக்கு, நல்லாத் தள்ளுங்க. நான் தாழ்ப்பாளே போடல," என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

என் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. உடனே திறந்துவிட்டால் பாடம் மனதில் நிற்காது என்று தோன்றியது. கொஞ்சம் பொறுத்தேன். இடிக்கிற சத்தம் குறைந்ததும் திறந்தேன்.

வெளியே வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் வந்திராவிட்டால் யாருமே மிஞ்சியிருக்க மாட்டோம் என்று செயலாளர் சொன்னார். எல்லாரும் வந்தபின் பார்த்தால் மாப்பிள்ளை கதவடியில் மிதிபட்டுக் கிடந்தார். உயிர் இல்லை.

தாழ்ப்பாள் போட்டது அவர்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். எப்போதும் அவர்தானே போடுவார். நான் வாயைத் திறக்கவில்லை. அடக்கத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. கடைக்குப் போகிற வழியில் தங்கையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கமிட்டி என்னைப் பாதுகாப்புப் பொறுப்பாளராகப் போட்டது. இப்போது பக்கக் கதவில் தாழ்ப்பாளே கிடையாது. நான் சொன்னது சரியா தப்பா என்று யாரும் இனி கேட்கப்போவதில்லை.

நேற்று தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அண்ணா, அன்னைக்குக் கிளம்பறப்போ, 'உங்க அண்ணன் சொல்றது நியாயம்தான், இனிமே தாழ்ப்பாள் போட மாட்டேன்'னு சொல்லிட்டுத்தான் போனார். அப்ப யார் போட்டது?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொன்றும் கேட்டாள்.

"என்னை மட்டும் ஏன் வர வேணாம்னு சொன்னீங்க?"

கூடப்பிறந்தவள் அப்படி மனம் வெந்து உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன். உன் வீட்டுக்காரர் போடவில்லையம்மா, நான்தான் போட்டேன் என்றேன். அவள் அழவில்லை. எழுந்து போய் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் வெளியேறும்வரை நின்றாள்.

இன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருப்பதும் அவளுக்காகத்தான். இதை நீங்கள் எழுதிக்கொண்டதும் மாப்பிள்ளையின் பெயரில் ஒரு கறையும் இருக்காது. இவ்வளவும் செய்து கொடுக்கிறேன். அதற்கு அவள் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்பது மட்டும்தான் எனக்கு வருத்தம்.