படி இறங்கினால் கூப்பிடுவார்கள்

— அந்தப் பெட்டியைப் பிரிக்காதேன்னு சொல்றேன்ல, இவளே.

— என்னங்க இது கூத்தா இருக்கு! வீட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. நாப்பது நாள் துணி உள்ள கெடக்கு. பிரிக்காம, பூட்டி வெச்சு அழகு பாக்கறதா?

— பிரிச்சுட்டா பேரம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்.

— எந்தப் பேரம்?

— போன்ல சார்ஜ் இருக்கா, பாரு.

— இருக்கு. நாலாவது தடவையா கேக்கறீங்க. கொஞ்சம் உக்காருங்களேன். குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துட்டே இருக்கீங்க. பெருக்கின இடமெல்லாம் உங்க கால் தடம்.

— நம்ம பையன் கூப்பிடுவான்.

— வந்து சேந்தாச்சான்னு கேப்பான். அதுக்கு எதுக்கு இந்த நடை?

— அதுக்கில்ல. நீ அந்தத் துடைப்பத்தைக் கீழ போடு, இங்க வா. உன்கிட்ட ஒண்ணு சொல்லல. போன வாரம் செவ்வாய்க்கிழமை, நீ பேத்தியைத் தூங்க வைக்கப் போனியே, அப்போ சாப்பாட்டு மேஜையில வெச்சு அவன் என்கிட்ட கேட்டான். "அங்க ரெண்டு பேரும் தனியா என்னப்பா பண்றீங்க, இங்கயே எங்களோட இருந்துடுங்களேன்"னு.

— ம்.

— என்ன "ம்"? பெத்த புள்ளை கூப்பிடறான், உனக்கு ஒரு ஆச்சரியம் இல்ல?

— இருக்கு, இருக்கு. நீங்க என்ன சொன்னீங்க?

— என்ன சொல்வேன்? "பாக்கலாம்டா, அங்க ஆயிரம் வேலை கெடக்கு"ன்னேன்.

— என்ன வேலை? கடையை வித்து ரெண்டு வருஷம் ஆச்சு. இப்போ உங்க வேலை பேப்பர் படிக்கறதும், லேட்டா போட்டான்னு பேப்பர்காரன்கூட மல்லுக்கு நிக்கறதும்தான்.

— கேளு. முப்பத்தெட்டு வருஷம் செருப்புக் கடை நடத்தினவன் நான். மொத விலைக்கே தலையாட்டினா என்ன ஆகும் தெரியுமா? வாங்கறவன், "அடடா, இன்னும் கொறைச்சுக் கேட்டிருக்கலாமே"ன்னு போவான். விக்கறவன், "இன்னும் ஏத்திச் சொல்லியிருக்கலாமே"ன்னு உக்காந்திருப்பான். ரெண்டு பேருக்கும் நிம்மதி இருக்காது. மரியாதைக்கு ஒரு தடவை வேண்டாம்னு சொல்லணும். எதிராளி மறுபடி கேக்கணும். அப்போ, "சரிடா, நீ இவ்வளவு தூரம் சொல்றே"ன்னு இழுத்துட்டு ஒத்துக்கணும். அதான் முறை.

— அவன் மறுபடி கேக்கலையாக்கும்.

— கேக்கல. ரெண்டு நாள் பாத்தேன். மேஜையில உக்காந்தா குழம்பு வேணுமாங்கறான், அதுக்கு மேல வாயைத் தெறக்கல. சரி, படி இறங்கிப் பாப்போம்னுதான், பத்து நாள் முன்னாடியே கிளம்பறோம்னு சொன்னேன்.

— அடேங்கப்பா! அதுக்குத்தானா டிக்கெட்டை மாத்தினீங்க?

— எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! கடைப் படி இறங்கறவன் குதிகாலைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சுடும். குதிகால் அழுந்தி விழுந்தா, நெஜமாவே போறான். விட்டுடலாம். நுனிக்கால்ல இறங்கினான்னா, காதைப் பின்னாடி விட்டுட்டுப் போறான்னு அர்த்தம். "சார், வாங்க, உங்களுக்குன்னா தனி"ன்னு ஒரு குரல் குடுத்தாப் போதும், அந்தக் காலாலயே திரும்பிடுவான்.

— அப்போ ஐயா உங்க புள்ளை வீட்டுல நுனிக்கால்ல இறங்கினீங்க.

— ஆறு மாடி. லிஃப்ட் வேண்டாம்னேனே, எதுக்குன்னு நெனைச்சே?

— முட்டிக்கு நல்லதுன்னீங்களே, பாவி மனுஷா! நான் ரெண்டு பையைத் தூக்கிட்டுப் பின்னாடியே உருண்டு வந்தேன்!

— அவனுக்குக் கூப்பிடறதுக்கு டைம் குடுக்க வேண்டாமா?

— கூப்பிட்டானா?

— கூப்பிட்டான். மூணாவது மாடியில. "அப்பா, கண்ணாடியை விட்டுட்டுப் போறீங்க"ன்னு.

— சிரிப்பு வருதுங்க. கோவிச்சுக்காதீங்க.

— சிரி, சிரி. அந்த நாலு வயசுப் பாப்பாதான் வியாபாரம் தெரிஞ்சவ. என் ஒத்தைச் செருப்பைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுக்குள்ள ஒளிச்சு வெச்சா பாரு! வேணும்னா அப்படிப் பிடிச்சு வெக்கணும். கால் சில்லுன்னு ஆனாலும் மனசு குளுந்துபோச்சு எனக்கு.

— சரி, டீ போடறேன். பால் இல்ல, கறுப்பு டீதான். நாப்பது நாளாச்சு, இந்தக் கை ஒரு அடுப்பைப் பத்த வெச்சு.

— மருமக உன்னைத் தாங்கு தாங்குன்னு தாங்கினா. ஒரு டம்ளர் கழுவ விடல.

— ஆமா, ஒரு டம்ளர் கழுவ விடல. தங்கமான பொண்ணு, குறை சொன்னா நாக்கு அழுகிடும். எந்திரிச்சா "உக்காருங்கத்தை". உக்காந்தா "காலை நீட்டிக்கங்கத்தை". அந்த சோபாவுல என் அளவுக்கு ஒரு குழியே விழுந்துபோச்சு. ஜன்னலைத் தெறந்தா ஏசி வீணாப் போகுமாம். நாப்பது நாள்ல சர்க்கரை டப்பா எந்த அலமாரியில இருக்குன்னு எனக்குத் தெரியாது.

— அது பாசம்டி.

— பாசம்தான். நான் இல்லேன்னா சொன்னேன்? காலைல இந்தக் கதவைத் தெறந்ததும் ஒரு தூசி வாசனை அடிச்சுது பாருங்க, அப்பாடான்னு இருந்துச்சு. எந்தத் தூசியைத் தட்டறதுன்னு என் இஷ்டம்.

— உனக்கு அங்க பிடிக்கலையா?

— போன் அடிக்குது பாருங்க.

— இரு, இரு, எடுக்காதே. நாலு தடவை அடிக்கட்டும். ஓடி வந்து எடுத்தா காத்துக்கிட்டு இருந்தோம்னு தெரிஞ்சுடும்.

— கட்டாயிடப் போகுது, எடுங்க!

— ஹலோ... யாரு? ஓ, நீயாடா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், உங்கம்மாவும் இருக்கா.

— வந்து சேந்துட்டீங்களாப்பா? வீடெல்லாம் எப்படி இருக்கு?

— ஏன் கேக்கறே! ஒரே தூசி. குழாயில துருவாத்தான் வருது, தண்ணி வரல. கடிகாரம் நின்னுபோச்சு. உங்கம்மாவுக்கு நாலு படி ஏறினா மூச்சு வாங்குது.

— எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நான் குதிரை மாதிரி இருக்கேன்.

— நீ சும்மா இரு. வயசாச்சுல்லடா ரெண்டு பேருக்கும்... என்னமோ, தனியா ஓட்டறோம்.

— சரிப்பா. டேங்கைக் கழுவ ஆள் வரச்சொல்லுங்க. கடிகாரத்துக்கு பேட்டரி போயிருக்கும்.

— ஆமா. பேட்டரி. பேட்டரியை மாத்தினா எல்லாம் சரியாயிடும்.

— அப்பா...

— சொல்லுடா.

— இல்லப்பா, உங்ககிட்ட...

— சொல்லு, சொல்லு. எனக்கு ஒரு அவசரமும் இல்ல.

— தம்பி, பாப்பா சாப்பிட்டாளா?

— சாப்பிட்டாம்மா.

— ஸ்கூலுக்குக் கிளம்பிட்டாளா?

— போயிட்டாம்மா. அம்மா, நான் அப்பாகிட்ட...

— உனக்கு ஆபீசுக்கு நேரமாகுது பாரு. போ, போ. நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்.

— சரிம்மா. அப்பா, உடம்பைப் பாத்துக்கங்க. வெச்சுடறேன்.

— வெச்சுட்டான். நீ எதுக்குடி நடுவுல பூந்தே?

— வேலைக்குப் போற புள்ளையை எவ்வளவு நேரம் நிறுத்தி வெக்கறது? டீ ஆறுது, குடிங்க. சொந்தச் சரக்கை இப்படியா கேவலமாப் பேசறது? குழாயில துருவாம், எனக்கு மூச்சாம்!

— இதுக்கு மேல இறங்கி வர எனக்குப் படி இல்ல. அவன் கேக்கல, பாத்தியா?

— அவனுக்கு உங்க பேரமெல்லாம் புரியுமா? நேரா பேசற புள்ளை.

— அதான் இல்ல. பத்து வயசுலேந்து கல்லாவுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து வளந்தவன். லீவு நாள்ல நான் சாப்பிடப் போனா அவன்தான் கடை. எனக்கு முன்னாடி அவன் கூப்பிடுவான், "அக்கா, வாங்கக்கா"ன்னு. தெரியாதவன்னா நான் விட்டுருப்பேன். ரெண்டாவது தடவை கேக்கணும்னு தெரிஞ்சவன் கேக்கல. சரக்கு வேண்டாதவன்தான் மரியாதைக்கு ஒரு விலை கேட்டுட்டு விட்டுடுவான்.

— அப்படியெல்லாம் எடை போடாதீங்க.

— உங்கப்பா கேட்டாரே! "என் பொண்ணைக் கட்டிக்கறீங்களா"ன்னாரு, நான் பாக்கலாம்னுட்டு எந்திரிச்சேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாடியே ஓடி வந்தாரா இல்லையா?

— வந்தார். அங்க வெச்சு ரெண்டாவது தடவை கேட்டார். பஸ் கிளம்பறதுக்குள்ள சரின்னீங்க. எனக்கு மறக்குமா? நீங்க ரெண்டாவது தடவையைத் தாங்க மாட்டீங்க.

— மாட்டேன்தான். கேட்டா உருகிடுவேன். இந்தா, உன்கிட்ட சொல்றதுக்கு என்ன? சரக்கெடுக்கன்னு ஊர் ஊரா போயிட்டு, பத்து நாள் பதினஞ்சு நாள் கழிச்சு வீட்டுக்கு வருவேன். கதவைத் தெறந்தா வாசல்ல இவன் நிப்பான். என்ன வாங்கிட்டு வந்தேன்னு பைக்குள்ள கையை விடுவான். எப்பவும் வர்றவன் நான், நிக்கறவன் அவன். இந்த நாப்பது நாளும் அது தலைகீழா இருந்துச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு லிஃப்ட் சத்தம் கேக்கும், அப்புறம் சாவி சத்தம். நான் எந்திரிச்சுப் போய் நின்னுக்குவேன். அவன் பையை வாங்கி வெப்பேன். ஒருத்தன் வீடு திரும்பறதை நின்னு பாக்கறது இவ்வளவு நல்லா இருக்கும்னு, இத்தனை வருஷமா யாரும் எனக்குச் சொல்லல.

— எனக்குத் தெரியும்ங்க. நான்தானே இங்க நின்னேன்.

— விடு. அவனுக்கு நான் வேண்டாம். இனிமே அங்க போகப்போறதில்ல. பாப்பா பிறந்தநாளுக்கும் இல்ல. போன் வந்தா நீயே பேசிக்கோ.

— ஐயோ, அந்த மாதிரி வார்த்தை விடாதீங்க. நாலு நாள் மொணமொணன்னுட்டு மறந்துடுவீங்கன்னு நெனைச்சேன்.

— எதை மறக்கறது? ஸ்டேஷன்ல பாத்தியா, ஒவ்வொரு வீட்டுப் புள்ளையும் மூக்கை உறிஞ்சிட்டு நிக்குது. இவன் பிளாட்பாரம் டிக்கெட்டை மடிச்சு மடிச்சு கப்பல் பண்ணிட்டு நிக்கறான். ஒரு சொட்டு வரல.

— அழுதான்ங்க.

— எப்போ? நான் பாக்கல.

— நீங்க குளிக்கப் போயிருந்தீங்க. கிளம்பற அன்னிக்குக் காலையில. சமையலறையில குழாயைத் தெறந்து விட்டுட்டு, சத்தம் வராம அழுதான்.

— வேண்டாம்னு விட்டவன் எதுக்குடி அழணும்? ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கறே? இவளே, என்னைப் பாரு.

— அவன் மொதல்ல என்கிட்டதான் வந்து கேட்டான். உங்ககிட்ட வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடி. அப்பாவையும் உன்னையும் இங்கயே வெச்சுக்கப் போறேன்னு.

— நீ என்ன சொன்னே?

— "அப்பாகிட்ட ஒரே ஒரு தடவை கேட்டுக்கோ, ரெண்டாவது தடவை கேட்டா சரின்னுடுவார், கேக்கவே கூடாது"ன்னு அவன் கையில சத்தியம் வாங்கிக்கிட்டேன்.