ரெண்டு சொட்டு ரோஸ்வுட் எண்ணெய்

காலையில் ஹப்சிகுடாவில் மெட்ரோ ஏறினேன். எதிர் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். அக்கா ஒரு சின்ன பாட்டிலை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள்.

"ரோஸ்வுட் ஆயில்டா. பூவும் மரமும் கலந்த மாதிரி வாசம் வரும். தேங்காய் எண்ணெயில ரெண்டு சொட்டு விட்டு அம்மா கால்ல தேய்ச்சு விடு, நல்லா தூங்குவாங்க. இனிமே கொண்டாப்பூர்லருந்து தினமும் என்னால வர முடியாது."

"அம்மாவுக்குத்தான் வாசமே தெரியாதேக்கா."

"லூசு மாதிரி பேசாதே. நேத்துகூட வாசம் நல்லாருக்குன்னு சொன்னாங்க."

"ஆமா, உங்கிட்ட அப்படித்தான் சொல்வாங்க. போன வாரம் பால் தீய்ஞ்சு கருகுது, அடுப்புப் பக்கத்துலயே நிக்கிறாங்க, தெரியலை. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஆறு மாசமா எந்த வாசமும் தெரியலைன்னு அங்கதான் சொன்னாங்க. அக்காகிட்ட சொல்லிடாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க."

"ஏன்டா?"

"தெரிஞ்சா நீ தேய்ச்சு விட வரமாட்டியாம்."

மாதாப்பூரில் இறங்க எழுந்தபோது, அவள் பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நான் வர ஏழரை ஆயிடும். அதுக்குள்ள அவங்களைத் தூங்க வெச்சிடாதே."