பெயர்ப்பலகையில் அழுகல் இருக்கட்டும்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் பார்கவன் அவர்களே, காயலிலேயே காலம் கழித்த கரைப் பெரியவர்களே, மட்டை அடித்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, ரெமணியின் வணக்கம்.

நம் 'மட்டை அழுகல் பெண்கள் சங்க'த்துக்குப் புதுப் பலகை எழுதப் போகிறோம். அதில் 'அழுகல்' வேண்டாம், கேட்பவர் முகம் சுளிக்கிறார் என்கிறார் தலைவர். நியாயம்தான். மீன் அழுகினால் குப்பை. பழம் அழுகினால் குப்பை. மனம் அழுகினால் ஊருக்கே கேடு. தேங்காய் மட்டை அழுகினால்? "கயிறு" என்கிறார் அங்கே சாவித்திரி சேச்சி. அப்படிச் சொல்லுங்கள். பத்து மாதம் உப்புநீரில் ஊறி, சேற்றில் புதைந்து, சக்கையை விட்டு நாரைக் காத்து எழுந்து வருகிறதே, அதற்கு இந்தக் கரையில் பெயர் அழுகல்.

நான் மலைப்பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். சிரிக்காதீர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டே குடித்தனம் நடத்தியவள். முதல் ஓணத்துக்குப் பிறந்த வீட்டார் வருகிறார்கள் என்று, நாற்றத்துக்கு வெட்கப்பட்டு, பின்புறக் குழியில் கிடந்த மட்டையை ஆறாம் மாதமே எடுக்க வைத்தேன். நாத்தனார் விஜயம்மா சொன்னாள்:

"வேணாம் ரெமணி. இன்னும் அழுகல. உன் சொந்தக்காரங்க ரெண்டு நாள்ல போயிருவாங்க, கயிறு நம்மகூடத்தான் கிடக்கணும்."

கேட்டேனா?

அதில் நான் திரித்த கயிறு என் கணவர் சுகதனின் வள்ளத்தைக் கட்டவே போனது. ஐப்பசி மழையில் காயல் பொங்கிய பகலில், ஐந்து பேரோடு அந்த வள்ளம் நடுக்காயலில் ஊன்றிய முளைக்கம்பில் இரண்டு கயிற்றால் கட்டுண்டு நின்றது. என் கயிறு அறுந்தது. விஜயம்மாவின் கயிறு, பத்து மாதம் அழுகிய அந்தக் கயிறு, மழை ஓயும்வரை பிடித்து நின்றது. கரையில் நின்ற நான் அழக்கூட மறந்துபோனேன்.

கரையேறிய சுகதன் அறுந்த முனையை முகர்ந்தார். "நாத்தமே இல்லையே. யாரு திரிச்சது?"

"யாரோ அவசரக்காரி. விடு சுகதா" என்றாள் விஜயம்மா.

இருபது வருடம் வாய் திறக்காதவள் இன்று சொல்கிறேன், அந்த அவசரக்காரி நான்தான். என்ன, மூன்றாம் வரிசையில் முணுமுணுப்பு?

"அன்னைக்கே தெரியும். நீ பேசி முடி" என்கிறார் சுகதன்.

முடிக்கிறேன். வெட்கப்பட்டு எடுத்தது அறுந்தது. பொறுத்து அழுகியது ஐந்து உயிரைக் காத்தது. இன்று அந்தச் சொல்லைப் பலகையிலிருந்து எடுத்தால், அன்று நான் செய்த பிழையைச் சங்கமே செய்ததாகும். செய்யலாமா? அழுகல் இருக்கட்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

தலைவர் அவர்களே, எண்ண வேண்டாம். காற்று மேடைப் பக்கம்தான் வீசுகிறது, அந்தக் கைகளை முகர்ந்தாலே போதும்.

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. தூக்கிய கைகளுக்கு வணக்கம்.