பட்டியலில் விடுபட்ட பெயர்

எனக்குத் தட்டச்சு சுத்தமாக வரும், ஐயா. இந்த வாக்குமூலத்தை நானே அடித்துத் தருகிறேன் என்றேன். உங்கள் எழுத்தர் சம்மதிக்கவில்லை. போகட்டும். அவரே எழுதட்டும், நான் நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் பழனி. ஆரணிப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருக்கிற மக்கள் தகவல் மன்றத்தில் கணினிப் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது. அரசாங்கம் பூட்டி வைத்திருக்கும் காகிதங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, எங்கள் இணையதளத்தில் ஏற்றுவோம். ஜனங்கள் படித்துவிட்டு அடியிலேயே தங்கள் புகாரை எழுதுவார்கள். போடாத சாலை ஒன்று அப்படித்தான் பிடிபட்டது. அந்தப் பெருமையில் பாதி என்னுடையது. அதை யாரும் சொல்வதில்லை.

2008 ஆடி மாதம், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகைப் பட்டியல் கைக்கு வந்தது. அதில் போலிகள் இருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. நானூற்றுப் பன்னிரண்டு பேர். பெயர், கணவன் பெயர், கதவு எண், தெரு. மூன்று வாரம் உட்கார்ந்து அடித்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. ஏற்றுவதற்கு முன், தவறு இருந்தால் வந்து சொல்லலாம் என்று வாசலில் அறிவிப்பு ஒட்டினோம்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் பரிமளா வந்தாள். தறிக்காரர்களுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவள். ஆறு வயதில் ஒரு பெண், இனியா. புருஷன் அவளைக் கைவிடவில்லை. அவள்தான் தேசூர்ப் பக்கமிருந்து குழந்தையோடு தப்பி வந்திருந்தாள். அப்படிப் பார்த்தால் அவளும் போலிதானே.

"அண்ணா, என் பேர மட்டும் எடுத்துடுங்க. அந்தாளு ஊர் ஊரா தேடிகினு இருக்கறாரு. வூடு தெரிஞ்சா என்ன உசுரோட வுடமாட்டாரு."

முழங்கை வரை இருந்த தீக்காயத்தைக் காட்டினாள். பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்திக்காக ஒரு வரியை எடுத்தால், நாளைக்குச் சாலை போடாத ஒப்பந்தக்காரனும் தன் பெயரை எடுக்கச் சொல்லி வந்து நிற்பான் என்று பொறுமையாக விளக்கினேன். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் குழந்தையையும் கூட்டிவந்து என் காலில் விழப் போனாள். நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் தலைவரிடம் போய் அழுதிருக்கிறாள். தனசேகரன் ஐயா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், இருபது பேர் முன்னால், அவளை உட்கார வைத்து மன்னிப்புக் கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீ லிஸ்ட்டையே பாத்துகினு இருக்கற, பழனி. எதிர்ல நிக்கற மனுஷிய பாக்கல. அந்த வரிய இப்பவே தூக்கு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தூக்கினேன். பரிமளா அப்போது சிரித்தாள். நிம்மதியில் சிரித்திருப்பாள் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான்கு நாள் சோறு இறங்கவில்லை. மூன்று வார உழைப்பில் எனக்கு மிஞ்சியது அந்தச் சிரிப்புதான்.

இணையதளத்தை இப்போதும் திறந்து பாருங்கள். நானூற்றுப் பதினோரு பெயர்தான் இருக்கும். சொன்னதைச் செய்தவன் நான்.

பதினைந்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை பகலில் அவள் புருஷன் ஜெயவேல் வந்தார். அறையில் நான் மட்டும் இருந்தேன். மரியாதையாகத்தான் பேசினார். எல்லார் விலாசமும் கம்ப்யூட்டரில் இருக்கிறதாமே என்று கேட்டார். படிப்பு இல்லாதவர், என்னையே பார்க்கச் சொன்னார். அவர் கண் முன்னாலேயே தேடினேன். அவர் பெண்டாட்டி பெயர் வரவில்லை. வேறு ஊரில் விசாரிக்கிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் நீங்கள் பார்த்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். ஒரு விதத்தில் அது நல்லது. தனசேகரன் ஐயா மன்றத்துத் தரையில் உட்கார்ந்து அழுதார். அவரைத் தேற்றியது நான்தான்.

"நம்ம சைட்ல அந்தப் பொண்ணு பேரே இல்லியேடா. அப்புறம் எப்டி கண்டுபுடிச்சான்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். ஜெயவேல் தெருமுனை வரைக்கும் போய்விட்டார். நான்தான் சன்னல் வழியாகக் கைதட்டிக் கூப்பிட்டேன். அவர் திரும்பி மேலே வந்ததும், அலமாரியிலிருந்து மூலக் காகிதத்தை எடுத்து அந்த வரியை வாசித்தேன். தகவல் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. கதவு எண்ணை மறந்துவிடுவாரோ என்று இரண்டு முறை சொன்னேன். அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.