வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எழும்பிய மடிக்கணினி

எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அதனால் நண்பகல் ளுஹரை வீட்டிலேயே தொழுகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கு வருவேன். பள்ளி நிர்வாகிகளான உங்களுக்கு இது தெரியும்.

மருமகன் றிஸானின் மடிக்கணினியைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் கனடாக் கம்பெனியொன்றுக்குப் பாலங்களின் பாரம் கணக்கிடுபவன். ஒரு கணக்கு ஓடி முடிய நாலைந்து நாள் பிடிக்கும். பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் மூடியை அடைத்து மெஷினை உறங்கவைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவான்; வந்து எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். மூன்று மாதத் தவணைக்குள் வேலையை ஒப்படைத்தால் குடும்பத்தோடு கனடா. குடும்பம் என்றால் என் ஒரே மகள் நஸீபா. காத்தான்குடியில் மகளுக்கு வீடு கட்டிக்கொடுப்பது அவள் அதைப் பூட்டிவிட்டுப் போவதற்கல்ல.

ஒரு நாள் அவன் போனபின் மூடியைத் திறந்து பவர் பொத்தானைத் தொட்டேன். நல்ல பிள்ளையாக எழும்பியது. திரும்ப அழுத்திப் பிடித்தேன். பத்து எண்ணுவதற்குள் அணைந்தது, ஓடிய கணக்கும் அதோடு போயிற்று. மூடியை அடைத்தேன்.

"மாமா, இது நித்திரைக்குப் போகுது, எழும்புதில்ல" என்றான்.

"மகன், ஜித்தாவில என்ட ரூமில ஒரு ஏசி பதினொரு நாள் படுத்துக் கிடந்து, எழும்பி என்ட பேரைக் கேட்டது. அதுகளுக்கும் ரோசம் இருக்கு."

அன்று சிரித்தான். அடுத்தடுத்த நாட்களும் நான் அதையே செய்தேன்.

மெஷினில் இருந்தது லினக்ஸ். பிழை எங்கிருந்தாலும் தானே தோண்டி எடுக்கலாம் என்பது அவன் நம்பிக்கை. நினைவகத்தை இறக்கிவைக்கும் இடத்தைப் பெருப்பித்தான். லினக்ஸின் கருவான கேர்னலைப் பழைய பதிப்புக்கு மாற்றினான். உறக்கம் சரிவரவில்லை என்று ஆழ்துயிலுக்கு மாற்றினான். அதையும் அதே பொத்தான் முடித்துவைத்தது. லினக்ஸை நாலு முறை அழித்துத் திரும்பப் போட்டான். நான் பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாம் மாதம் சாப்பாடு குறைந்தது. மூன்றாம் மாதம், மூடியை அடைத்தது தான்தானா என்றே நினைவில்லை என்று நஸீபாவிடம் அழுதான். ஓதிய நூல் வாங்கிவந்து என் கையாலேயே அவன் மணிக்கட்டில் கட்டிவிட்டேன். தவணை முடிந்தது. இப்போது ஆஸ்பத்திரிக் குளிசையில் தூங்குகிறான்.

புளியந்தீவிலிருந்து மெஷின் பார்க்க வந்த நல்லரத்தினம் கெட்டிக்காரன். அதன் பதிவுகளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஹாஜியார், இது ஒவ்வொரு நாளும் நல்லாத்தான் எழும்பியிருக்கு. எழும்பிக் கொஞ்சத்துக்குள்ள ஆரோ கழுத்தப் புடிச்ச மாதிரி நிக்குது. வெள்ளிக்கிழமையில மட்டும் ஒண்டும் நடக்கல்ல. வெள்ளிக்கிழமை வீட்டில ஆரு இருக்கிறல்ல?"

குசினி வாசலில் நின்ற நஸீபா கேட்டாள். "வாப்பா, நீங்களா?"

"ஓம்" என்றேன். நான் மறைக்கவில்லை, அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். எதற்கு? பொத்தானை அமத்தத்தானே வைத்திருக்கிறார்கள்.

மருமகன் பெண்சாதி வீட்டை விட்டுத் தாய் வீட்டுக்குத் திரும்புவது நம் ஊரில் மானக் குறைச்சல். அந்தக் குறைச்சலை நஸீபாவே தேடிக்கொண்டாள். அவனைக் கூட்டிக்கொண்டு ஏறாவூரில் மாமியாரிடம் போய்விட்டாள். நாற்பது நாளாயிற்று. போன் எடுத்தால் துண்டிக்கிறாள். நேரில் போனேன், கதவு திறக்கவில்லை. இருக்கட்டும். ஏறாவூர் கனடா அல்ல, பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

நான் அந்தப் பொத்தானை அமத்தியிராவிட்டால் இந்நேரம் என் மகளை இழந்திருப்பேன்.