கஸ்டம் ஃபர்ம்வேர் போடுறதுக்கு முன்னால

இல்ல சார், மொதல்ல அந்த கன்சோல கைலேருந்து கீழ வைங்க. வீடியோவயும் நிறுத்துங்க. அஞ்சே நிமிசத்துல முடிச்சிரலாம்னு சொல்லுகான் பாத்தியளா, அந்தக் கொரலக் கேட்டாலே எனக்கு ஓக்காளம் வருது. பின்னால பாட்டு வேற. நான் கழக்கூட்டத்துல இந்த ரிப்பேர் கடையத் தொறந்து ஆறு வருசமாச்சு. இவன மாதிரி ஆளுவ பேச்சக் கேட்டு, நல்லா ஓடிக்கிட்டிருந்த கேம் மெஷினக் கொன்னு எடுத்துக்கிட்டு வராத வாரம் கெடையாது. எல்லாம் ஐடி பார்க்ல வேல பாக்குற படிச்ச ஆளுவதான். கம்ப்யூட்டர்ல தட்டித்தான் சோறு திங்காவ. இதுல மட்டும் ஒருத்தருக்கும் பொறும கெடையாது.

நீங்களே போடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. பழைய மெஷினு, கம்பெனியே கைவிட்டாச்சு. கஸ்டம் ஃபர்ம்வேர்னா பெரிய வித்தை ஒண்ணுமில்ல. கம்பெனிக்காரன் உள்ள போட்டு வச்ச சாஃப்ட்வேர எடுத்துட்டு, வெளியாளு எழுதுனத வைக்குறது. ஆனா பாதியில நின்னுட்டுன்னா உள்ள பழசும் இருக்காது, புதுசும் இருக்காது. கறுத்த கண்ணாடிதான் மிஞ்சும்.

மாடல் நம்பர் பாத்தியளா? பாக்கல. இப்ப உள்ள கெடக்கது எந்த வெர்சன்? அதுவும் பாக்கல. ஃபைல மட்டும் டவுன்லோடு பண்ணியாச்சு. நல்லாருக்கு.

எழுதிக்கிடுங்க. உங்க மாடலுக்குன்னு உள்ள ஃபைலத்தான் எடுக்கணும், ஏறக்குறைய அதே மாதிரின்னு ஒண்ண எடுக்கப்பிடாது. மெமரி கார்டுல இருக்கது அம்புட்டயும் லேப்டாப்புல காப்பி பண்ணணும். பண்ணுனா போதாது, திரும்பத் தொறந்து பாக்கணும், உள்ள எல்லாம் வந்திருக்கான்னு. பெறவுதான் கார்ட ஃபார்மட் பண்ணணும், அதுல உள்ளது அம்புட்டும் அழிஞ்சிரும்லா. சார்ஜ் முழுசா ஏறணும். ஏறுன பெறவும் சார்ஜரக் கழத்தாம அப்படியே வச்சுப் பண்ணணும். ஓடிக்கிட்டிருக்கும்போது ஒரு பட்டனையும் தொடக்கூடாது. போன் வந்தா எடுக்காதீங்க. அவ்வளவுதான், கேட்டோ.

சிரிக்கிய. எல்லாரும் சிரிப்பாவ. என்ன சார் போயிரும், ஒரு கேமுதானன்னு கேப்பாவ. அதக் கேக்கும்போது எனக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்.

எங்கப்பா பேரு பகவதிப்பெருமாள். நாகர்கோயில்லேருந்து இங்க வந்து, இருபத்தெட்டு வருசம் ஹோட்டல்ல பரோட்டா மாஸ்டரு. போன வருசம் ஒரு பக்கம் இழுத்துட்டு. பேச்சு திரும்ப வந்துட்டு, நடையும் வந்துட்டு, வலதுகை மட்டும் மடங்குனபடியே நின்னுட்டு. பிசியோதெரபி செய்ய வீட்டுக்கு வந்த பொண்ணு மீரா, ஒரு ரப்பர் பந்தக் குடுத்து அமுக்கச் சொல்லிச்சு. ஒரு மூட்ட மாவு பெசஞ்ச கை, இப்ப பந்து அமுக்கணுமான்னு தூரப் போட்டுட்டாரு.

அப்பத்தான் நான் என் பழைய கன்சோல எடுத்து, விவசாயம் பண்ணுற கேம் ஒண்ணு போட்டு அவரு மடியில வச்சேன். உழணும், நடணும், தண்ணி விடணும். எல்லாத்துக்கும் வலது பெருவெரலாலதான் பட்டன அமுக்கணும். மொத மாசம், எடது கையால அந்த வெரலப் பிடிச்சு அமுக்குவாரு. பெறவு வெரலு தானாவே அசைய ஆரம்பிச்சிட்டு. எட்டு மாசம் விளையாடுனாரு சார். தக்காளி, சோளம், பூசணின்னு தோட்டம் முழுக்க நட்டு வச்சிருந்தாரு. பசு நாலு. ஒரு பசுவுக்கு எங்கம்மா பேரப் போட்டாரு, பிரேமான்னு. அம்மா ரெண்டு நாளு அவருகிட்ட பேசல. எட்டாவது மாசம் அந்தக் கையால சட்டை பட்டன் போட்டாரு. மீரா கைதட்டிச்சு.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரே கேம்லயே கெடக்காரே, இன்னும் பத்து கேம் ஏத்திக் குடுப்போம்னு தோணிச்சு. அவரு குளிக்கப் போன நேரம் பாத்து எடுத்தேன். அவருகிட்ட கேக்கல. காப்பி எடுக்கல, எனக்குத் தெரியாததான்னு ஒரு திமிரு. கார்ட ஃபார்மட் பண்ணுனேன். சார்ஜு பாதிகூட இல்ல. முக்காவாசி ஓடி அணைஞ்சிட்டு. சார்ஜர்ல போட்டா பச்ச லைட் எரியுது, ஸ்கிரீன் வரல. இதுதான் தொழிலுன்னு போர்டு வச்சு உக்காந்திருக்கவன் பண்ணுன வேல. ச்சை.

குளிச்சிட்டு தலையத் தொவட்டிக்கிட்டே வந்தாரு. எங்க மக்கா என் தோட்டம்னு கேட்டாரு.

இல்ல சார், அவரு கோவப்பட்டிருக்க மாட்டாரு. கூடிப்போனா நாலு வார்த்த திட்டுவாரு, பெறவு மொதல்லேருந்து நட ஆரம்பிச்சிருப்பாரு. அம்புட்டு பொறும உள்ள மனுசன். மெஷினும் ஒரு வாரத்துல சரியாயிட்டு. வேற பேட்டரியும் கார்டும் போட்டு நானே உயிர் குடுத்துட்டேன். நாலு மாசமா இந்தா, இந்த டிராயர்லதான் கெடக்கு.

குடுக்கல சார். குடுத்தா உண்மையச் சொல்லணும்லா.

அன்னைக்கு நான் சொன்னது வேற. முந்தாநாளு நீங்க கட்டில்லேருந்து அதக் கீழ போட்டியள்லாப்பா, அதுல உள்ள ஒடஞ்சிட்டுன்னு சொல்லிட்டேன். அவரு அந்த வலதுகையவே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் எங்கிட்ட, மன்னிச்சிரு மக்கா, இந்தக் கை இனி ஒண்ணுக்கும் ஆவாதுன்னாரு.

மீராவ வரவேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு. இப்பம் சோறு எடது கையாலதான் திங்காரு.