சிவந்த மேல்தோல்

சர்க்கரை போடாத கேக் அடுப்பில் சிவக்காது, சார். வேகும், உப்பும், ஆனால் வெள்ளையடித்த சுவர் மாதிரி வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கும். வாங்குகிறவன் முதலில் கண்ணால்தான் சாப்பிடுகிறான். அது புரிந்ததால்தான் என் கடை வாசலில் கூட்டம் நின்றது. இதை நீங்கள் எழுதிக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

கல்யாணமான சில வருஷங்களிலேயே என் மனைவிக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பேக்கரிக்காரன் பெண்டாட்டிக்கு வந்தால் தெரு சிரிக்குமா, சிரிக்காதா? சிரித்தது. நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. கடையிலிருந்த சர்க்கரை மூட்டைகளை வெளியேற்றிவிட்டு, மாற்றுச் சர்க்கரைத் தூளோடு மல்லுக்கட்ட உட்கார்ந்தேன். லேசுப்பட்ட சரக்கில்லை அது. கொஞ்சம் கூடினால் கேக் ஆறியதும் பல்லில் மணலாகக் கடிக்கும். ஈஸ்ட் அதைச் சீண்டவே சீண்டாது, பன் எழும்பாமல் படுத்துவிடும். நாக்கில் வைத்தால் புதினா மென்றதுபோல் ஒரு குளிர்ச்சி. ஈரம் நிற்கக் கெட்டித் தயிர், மைதாவுக்குப் பதிலாகப் பாதாம் மாவு என்று மாற்றி மாற்றிப் போட்டேன். வெகு நாள் என் கேக்கைத் தின்றது குப்பைத்தொட்டிதான். பிறகு கை பழகிவிட்டது.

நிறம் மட்டும் வரவில்லை. அதற்கு ஒரு பூச்சு கண்டுபிடித்தேன். கேக் பாதி வெந்ததும் தட்டை வெளியே இழுத்து, மேலே பிரஷ்ஷால் ஒரு தடவு தடவி, மறுபடி உள்ளே தள்ள வேண்டும். மெருகு போட்ட பலகை மாதிரி பளபளவென்று சிவந்து வரும். எங்கள் கடையில் அந்தக் கிண்ணத்துக்குப் பெயரே நிறம். "நிறம் எடு", "நிறம் தீர்ந்துபோச்சு" என்றுதான் பேசிக்கொள்வோம்.

கடையின் இன்னொரு விசேஷம் என் மனைவி. தினமும் கடை திறந்ததும் கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். வாடிக்கையாளர் கண்ணெதிரே விரலைக் குத்தி மெஷினில் சர்க்கரை பார்ப்பாள். நேற்று என் கேக்கைத் தின்றவளுக்கு இன்று இவ்வளவுதான் என்று எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம். என் யோசனைதான். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முதல் ஆளாக வந்து நிற்பார். "என்னம்மா, இன்னைக்கு செஞ்சுரியோட நிறுத்திக்கிட்டியா, மேலயும் அடிச்சியா?" என்பார். நூற்றுப்பத்து, நூற்றிருபது என்று அவள் எண்ணைச் சொல்வாள். கடையே சிரிக்கும். சர்க்கரைக்காரர்கள் அத்தனை பேரும் அந்த எண்ணை நம்பித்தான் கேக் வாங்கினார்கள்.

பக்கத்துத் தெரு பல் டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் சிவந்தால் நன்றாக இருக்கும் என்றார். ஒரு பூச்சை இரண்டாக்கினேன். பிறகு மூன்றாக்கினேன். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

அந்தச் சமயத்தில்தான் அவள் எண் ஏறத் தொடங்கியது. முதலில் நூற்றைம்பது. அப்புறம் இருநூறு. ஒருநாள் இருநூற்று நாற்பது வந்தபோது கடையில் யாரும் சிரிக்கவில்லை. தபால்காரர் கையிலிருந்த கேக் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

யாரோ அவளுக்கு இனிப்புக் கொடுக்கிறார்கள். வேறென்ன இருக்க முடியும்? அவள் பீரோவைக் கொட்டிப் பார்த்தேன், தலையணையைக் கிழித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஒளித்துவைக்கத் தெரிந்தவள் என்றுதான் அதற்கு அர்த்தம். அன்று அவளை அடித்தேன். முதுகில் மட்டும். கல்லாவில் உட்காருகிற பெண், முகத்தில் தழும்பு தெரியக்கூடாது பாருங்கள். "நீங்க குடுக்கறதைத் தவிர வேறெதையும் தொடலைங்க" என்று சாதித்தாள்.

அவள் தம்பி எங்களோடுதான் இருந்தான். ஸ்கூட்டரில் கேக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. சின்ன வயதில் சர்க்கரை டப்பாவுக்குள் கை விட்டபடியே தூங்கிவிடுவானாம், அதனால் வீட்டில் அவனுக்குக் கட்டெறும்பு என்று பெயர். அக்கா மேல் உயிர். இப்படி ஒருவன் வீட்டில் இருக்கும்போது திருடனை வெளியே தேடுவது மடத்தனம் இல்லையா? கேட்டேன். சிரித்தான். "அத்தான், நான் எறும்புதான். ஆனா சொந்தப் புத்துல விஷம் வைக்கிற எறும்பு இல்ல" என்றான்.

அவன் மாவு பிசையும் மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தான். இடது கை அண்டாவுக்குள் இருந்தது. நான் சுவிட்சைப் போட்டேன். பிஸ்கட் டப்பாவை மிதித்தது மாதிரி ஒரு சத்தம். அவன் கத்தவில்லை, மூச்சு அடைத்துவிட்டது. பிசைகிற கொக்கி இரண்டு சுற்றுச் சுற்றியதும் நிறுத்திவிட்டேன். வண்டி ஓட்ட வலது கைதானே முக்கியம், அதை யோசித்துத்தான் செய்தேன். ஆஸ்பத்திரிக்கு நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். கைதவறி சுவிட்ச் பட்டுவிட்டது என்று சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். அவன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் எண் இறங்கவில்லை. அவன் ஆள் வைத்துக் கொடுக்கிறான் என்று புரிந்தது. அவளைக் கடைக்கு மேலேயிருந்த அறையில் வைத்துப் பூட்டினேன். உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று வாடிக்கையாளரிடம் சொன்னேன். சோறு, ரொட்டி எல்லாவற்றையும் நிறுத்தினேன். மூன்று வேளையும் என் கேக் மட்டும்தான். அதிலும் நன்றாகச் சிவந்த துண்டுகளாகப் பொறுக்கி எடுத்துப் போனேன். நல்லதை அவளுக்குக் கொடுக்கத்தானே இந்தக் கடையே.

நாளாக ஆக வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். மூக்கைப் பிடித்தேன். வாய் திறந்ததும் திணித்தேன். ஒரு பல் ஆடியது, பிறகு விழுந்தது. தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எண் முந்நூற்றைத் தாண்டியது. இடது கால் பெருவிரல் கறுத்து நாறத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினாள். போனால் விரலை எடுப்பார்கள், தெருவுக்குத் தெரியும். சர்க்கரைக்காரர்களுக்குக் கேக் விற்கிறவன் பெண்டாட்டிக்கே கால் போச்சு என்றால் என் தொழில் என்ன ஆகும், சொல்லுங்கள். விரலை நானே துணியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். வலி தாங்காமல் பிறாண்டினாள், அதனால் கையையும் கட்ட வேண்டியதாயிற்று.

நேற்று விடிந்ததும் கட்டெறும்பு பின்கதவு வழியாக வந்தான். கையில் மாவுக்கட்டு. ஒரு தட்டுக் கேக் அடுப்பில் இருந்தது, இன்னொன்று மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது.

"அக்கா எங்க?" என்றான்.

"மேல தூங்குறா. கை எப்படி இருக்கு மச்சான்?"

"கை கிடக்கட்டும்." ஆறிய கேக்கின் நடுவில் விரலை விட்டு எடுத்து வாயில் போட்டான். "இங்க நாக்கு குளிருது." பிறகு மேல்தோலை உரித்து மென்றான். மெதுவாக மென்றான். "இங்க குளிரலையே. இது என்ன அத்தான்?"

"அது நிறம்."

"நிறம்னா என்ன, வானத்துலேர்ந்து இறங்குதா? அந்தக் கிண்ணத்துல என்ன இருக்கு?"

தேனும் பேரீச்சம்பழப் பாகும் இருந்தன. எப்போதும் இருப்பதுதான். ஒளிவு மறைவு என்ன, சொன்னேன்.

மென்றதைத் துப்பினான். "சர்க்கரைக்காரிக்குத் தேனைத் தடவித் தடவித் தின்னக் குடுத்துட்டு, என் கையை ஒடிச்சியா நீ?" அதுவரை நீங்க என்று பேசியவன் நீ என்றான். "கடை திறக்கட்டும். வர்றவங்க நாக்குல எல்லாம் இந்தத் தோலை நானே வைக்கிறேன்."

சார், தொழில் தெரியாதவன் பேச்சு அது. மாவோடு கலந்து உள்ளே போவதுதான் சரக்கு. மேலே தடவுவது வேலைப்பாடு. கதவுக்கு வார்னிஷ் அடித்தால் வார்னிஷை யாராவது மரம் என்பார்களா? இதை நிதானமாக அவனுக்குச் சொன்னேன். அவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தான். மாவு உருட்டுகிற கட்டை என் கையில் இருந்தது. பின்மண்டையில் போட்டேன். முட்டி மடிந்து உட்கார்ந்தான், திரும்பிப் பார்த்தான். நெற்றியில் போட்டேன். அப்புறம் முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாதவரை போட்டேன். கட்டை வழுக்கியது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

அடுப்பு மணி அடித்தது. கையைக் கழுவிக்கொண்டு தட்டை வெளியே இழுத்தேன். கிண்ணம் அவன் அடியில் கிடந்தது, அதிலிருந்ததை வழித்து எடுத்துத் தடவி உள்ளே தள்ளினேன். அவன் ரத்தம் பட்டிராத பக்கமாகப் பார்த்துத்தான் வழித்தேன். என் கடையில் சுத்தம் முக்கியம்.

திரும்பினால் படியில் அவள். கைக்கட்டைப் பல்லால் கடித்து அவிழ்த்து, அறைக் கதவின் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு, ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்திருந்தாள். தம்பியைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"தேனா? மூணு வேளையும் அதைத்தானேங்க எனக்கு ஊட்டினீங்க" என்றாள்.

"அது நிறம்தான்" என்றேன்.

அவள் தெருப்பக்கம் பார்த்துக் கத்தத் தொடங்கினாள். அவளிடம் எனக்குக் கோபமே கிடையாது. ஆனால் கடை திறக்கிற வேளை. ஏப்ரன் நாடாவைக் கழுத்தில் சுற்றி இழுத்தேன். ரொம்ப இளைத்திருந்தாள், சிரமம் தரவில்லை. குதிகால் இரண்டும் தரையில் சிந்தியிருந்த மாவைக் கிளறி நின்றன. நாடாவை நான் விடவில்லை. கேக் வெந்த வாசனை வந்த பிறகுதான் விட்டேன்.

அவனை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துப் போட்டேன். அவள் முகத்தைத் துடைத்து, தலை வாரி, கழுத்தில் துப்பட்டா சுற்றி, கல்லா நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தேன். வழக்கமான நேரத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகக் கடை திறந்தேன். தபால்காரர்தான் முதல் ஆள். "வந்துட்டியாம்மா?" என்று கிட்டே வந்தார். அவள் கையை எடுத்து விரலைக் குத்தினேன். ரத்தம் வரவில்லை. தோளிலிருந்து நீவி நீவி இறக்கி அழுத்தினேன், கறுப்பாக ஒரு சொட்டு வந்தது. மெஷினில் வைத்தேன். எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினேன். ஒருவரும் மெஷினைப் பார்க்கவில்லை. தபால்காரர் துப்பட்டா நழுவிய அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு பின்வாங்கினார்.

இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த மெஷின் உங்களிடம்தானே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். முந்நூற்றுக்குக் குறையாமல் நின்ற எண், கட்டெறும்பு போன அன்றைக்கே ஐம்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. செத்தவள் ரத்தத்தில் எண் தானாகவே இறங்கும் என்று உங்கள் டாக்டர் சொல்வதையெல்லாம் நான் நம்பவில்லை. யார் அவளுக்கு இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போதாவது தெரிகிறதா, சார்?